நிழல் ஏன் நீலம்? இம்ப்ரெஷனிச ஓவியங்கள்: கேள்வி பதில்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் தோன்றிய இம்ப்ரெஷனிச ஓவியங்களின் ஒளி, நிறம், உணர்வு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். எந்த ஓவியம் என்று பெயரோடு கேட்டால் விரிவாகச் சொல்ல முடியும். விலையும் அசலா நகலா என்ற விசாரணையும் என் துறை அல்ல.

கேள்வி: இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். எல்லாமே கலங்கலாகத் தெரிகிறது. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

நிழலிலிருந்து. மோனே 1868-69 குளிர்காலத்தில் வரைந்த 'லா பீ' ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பனி மூடிய நிலம், ஒரு வேலி, அதன் படல்மேல் ஒரு கறுப்பு வெள்ளைப் பறவை. வேலியின் நிழல் பனிமேல் நீலமாக விழுகிறது. வெயில் நேராகப் படும் பனியில் மஞ்சள் சாயல். வேலி மறைத்த இடத்துக்கு வெயில் எட்டாது, ஆனால் வானம் எட்டும். வானத்து ஒளி மட்டும் விழும் வெண்பனி வேறு எந்த நிறத்தில் இருக்கும்? 1869-இல் பாரிஸ் சலோன் என்னும் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சி இந்த ஓவியத்தை நிராகரித்தது. இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கேள்வி: மோனேயின் 'இம்ப்ரெஷன், சூரிய உதயம்' ஓவியத்தில் சூரியன் துடிப்பதுபோல் இருக்கிறதே, பிரமையா?

பிரமை இல்லை. 1872-இல் லெ ஆவ்ர் துறைமுகத்தை வரைந்தது இது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், சூரியன் ஏறக்குறைய காணாமல் போகும். சூரியனுக்கும் சுற்றியுள்ள வானத்துக்கும் பிரகாசம் ஏறத்தாழ ஒன்றே, நிறம்தான் வேறு. ஹார்வர்டின் நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதை விளக்கியிருக்கிறார். இடத்தையும் அசைவையும் கணிக்கும் மூளைப் பகுதிக்கு நிறம் தெரியாது, அதனால் அது இந்தச் சூரியனைப் பிடிக்கத் திணறுகிறது. நிறத்தை அறியும் பகுதியோ பளிச்சென்று பார்த்துவிடுகிறது. அந்த இழுபறியைத்தான் நீங்கள் துடிப்பாக உணர்கிறீர்கள்.

கேள்வி: வான்கோவின் நட்சத்திர இரவைப் பற்றிச் சொல்லுங்கள் சார்.

அவர் அடுத்த தலைமுறை. 1886-இல் அவர் பாரிஸ் வந்த சில மாதங்களில் இம்ப்ரெஷனிஸ்டுகள் தங்கள் எட்டாவது, கடைசிக் கண்காட்சியை நடத்தினார்கள். தனியாகப் பேசலாம்.

கேள்வி: இவர்கள் கறுப்பைத் தொடவே மாட்டார்கள் என்று எங்கள் ஆசிரியர் சொல்வார். உண்மையா?

பாதி. ரெனுவார் 1874-இல் வரைந்த 'லா லோஜ்' ஓவியத்தில் அந்தப் பெண்ணின் கவுனில் கறுப்புக் கோடுகள் எவ்வளவு கம்பீரமாக ஓடுகின்றன! மோனேதான் கறுப்பை மெல்லக் கைவிட்டார். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள அவருடைய 'சான் லசார் ரயில் நிலையம்' ஓவியத்தை ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்தார்கள். இருண்ட பகுதிகள் பெரும்பாலும் நீலமும் பச்சையும் சிவப்பும் சேர்ந்த கலவைதான். அதனால்தான் அந்தப் புகைமண்டலத்தில் இருட்டுகூட உயிரோடு இருக்கிறது.

கேள்வி: நீங்கள் சொல்லும் நீல நிழல் மிகை. எங்கள் வீட்டு முற்றத்து நிழல் சாம்பல்தான்.

மேகமில்லாத காலையில் ஒரு வெள்ளை வேட்டியை வெயிலில் விரியுங்கள். காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, நிழல் விழும் பகுதியை மட்டும் அதன் வழியே பாருங்கள். பக்கத்தில் செம்மண்ணோ காவிச் சுவரோ இருக்கக் கூடாது, அதன் நிறமும் நிழலில் ஏறும்.

அவரே மீண்டும்: குழல் வைத்துப் பார்த்தால் நீலம் தெரியலாம். ஆனால் மனிதன் குழல் வழியாக வாழ்வதில்லை. வேட்டி வெள்ளை என்று மூளை சொல்கிறது. அதுதானே மனிதப் பார்வை? ஓவியர் ஏன் அதைக் கலைக்க வேண்டும்?

இன்று வந்ததில் மிகச் சிறந்த கேள்வி இது. அந்தக் காலத்து விமர்சகர்களின் கோபமும் இதேதான். 1876-இல் ரெனுவார் காட்சிக்கு வைத்த ஓர் ஓவியத்தில், மர நிழலில் இருக்கும் ஒரு பெண்ணின் உடலில் இலைகளினூடே பச்சையும் ஊதாவும் விழுகின்றன. அழுகும் சதை என்று எழுதினார் விமர்சகர் ஆல்பர் வோல்ஃப்.

மூளையின் திருத்தம் அன்றாட வாழ்க்கைக்குத் தேவை, மறுக்கவில்லை. காலையிலும் மாலையிலும் அதே வேட்டியை அதே வேட்டி என்று அறிய அது வேண்டும். ஆனால் அந்தத் திருத்தத்தில் காலை என்பதே அழிந்துவிடுகிறது! பொருள் மிஞ்சுகிறது, நேரம் போய்விடுகிறது. அந்த நேரத்தைத்தான் இவர்கள் வரைய விரும்பினார்கள். மோனே ருவான் தேவாலயத்தின் முகப்பை முப்பது முறைக்குமேல் வரைந்தது கல் மாறியதால் அல்ல.

கேள்வி: எல்லாம் நிறம், ஒளி என்கிறீர்கள். உணர்வு எங்கே?

பெர்த் மோரிசோ 1872-இல் வரைந்த 'தொட்டில்' பாருங்கள். அவருடைய அக்கா எட்மா, தூங்கும் மகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இருவருக்கும் நடுவே மெல்லிய வலைத்துணி. எட்டிநின்று பார்த்தால் வெள்ளை. நெருங்கினால் நீலமும் இளஞ்சிவப்பும். தாயின் மடிந்த கையும் குழந்தையின் மடிந்த கையும் ஒன்றுக்கொன்று பதில் சொல்கின்றன. எட்மாவும் ஓவியர்தான், திருமணத்துக்குப் பின் தூரிகையை வைத்துவிட்டார். இது தெரிந்தபின் அந்த முகத்தில் இருப்பது வெறும் பாசம் மட்டும்தானா என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

1879-இல் மனைவி கமீய் இறந்தபோது மோனே அவரை மரணப் படுக்கையில் வரைந்தார். அந்த முகத்தில் ஏறிய நீல, மஞ்சள், சாம்பல் படிகளைத் தன் கண் தானாகவே கணக்கெடுத்ததைப் பின்னாளில் நண்பர் கிளெமான்சோவிடம் சொன்னார். துயரத்தை நிறத்திலிருந்து பிரித்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது.

கேள்வி: நட்சத்திர இரவில் அந்தச் சுழல்கள்…

மேலே பதில் இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: ரெனுவாரின் படம் ஒன்று கைப்பேசியில் வெளிறித் தெரிகிறது. ஒளியைக் காட்ட அப்படி வரைந்தாரா?

கைப்பேசித் திரையை வைத்து நிறத்தைத் தீர்மானிக்காதீர்கள். ஒரே ஓவியம் இரண்டு திரைகளில் இரண்டு நிறம். அச்சுப் படமும் அப்படியே. பாரிஸின் ஓரான்ஜெரி அருங்காட்சியகத்தில் மோனேயின் நீர் அல்லிகள் இரண்டு மீட்டர் உயரத்தில் உங்களைச் சூழ்ந்து நிற்கின்றன, உள்ளங்கையில் அது எப்படி அடங்கும்?

அசலேகூட வெளிறியிருக்கலாம். ரெனுவார் 1883-இல் வரைந்த மதாம் கிளாப்பிசோன் உருவப்படம் சிகாகோவில் இருக்கிறது. சட்டத்தைக் கழற்றியபோது அது மறைத்திருந்த விளிம்பில் அடர்சிவப்பு அப்படியே இருந்தது. பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் சிவப்பு அது, வெளிச்சத்தில் மங்கிவிடும். பின்னணி முழுவதும் ஒருகாலத்தில் அந்தச் சிவப்பால் கொதித்திருக்கிறது. ஆய்வாளர்கள் பழைய நிறத்தைக் கணினியில் மீட்டெடுத்திருக்கிறார்கள். ஆகவே நீங்கள் பார்த்த படத்தின் பெயரைச் சொல்லுங்கள். அந்த ஓவியம் மங்கியதா, திரைதான் ஏமாற்றுகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.