மைலேஜ் குறைந்த டாக்சி: எலக்ட்ரிக்குக்கு மாறலாமா?

கேள்வி: நாகர்கோவில் வடசேரியில் டீசல் டாக்சி ஓட்டுகிறேன். கன்னியாகுமரி சவாரிதான் அதிகம். ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர் போல ஓடும். லிட்டருக்கு 20 கொடுத்த வண்டி இப்போது 16-தான் கொடுக்கிறது. எலக்ட்ரிக் கார் வாங்கிவிடலாமா?

பதில்: வாங்கலாம். அதற்கு முன் அந்த 16-ஐப் பார்த்துவிடுவோம். நாளுக்கு 2 லிட்டர் கூடுதலாகப் போகிறதே!

கடலோரம் ஓடும் வண்டி என்பதால் எனக்கு முதல் சந்தேகம் பிரேக்கில். பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் நகர்வது ஒரு சிறு கம்பியில் (pin); உப்புக்காற்றில் அது துருப்பிடித்தால் பிரேக் முழுதாக விடாது. சக்கரத்தைப் பிடித்தபடியே வண்டி ஓடும். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அதுதான் ஆள். அப்புறம் டயர் காற்று, ஏர் ஃபில்டர். சபரிமலை சீசனுக்கு மாட்டிய கேரியர் இன்னும் கூரையில் இருந்தால் கழற்றிவிடுங்கள், அது காற்றைத் தடுத்து டீசலைத் தின்னும்.

சூரியோதயம் பார்க்க வந்தவர்களை இறக்கிவிட்டு ஏசியில் தூங்குகிறீர்களா? நின்ற இடத்திலேயே மணிக்கு அரை முதல் ஒரு லிட்டர் வரை போய்விடும்.

இதையெல்லாம் விடப் பெரிய ஓட்டை, காலியாகத் திரும்புவது. கன்னியாகுமரியில் இறக்கிவிட்டு 20 கிலோமீட்டர் வெறும் வண்டியாக வந்தால், காசு வந்த கிலோமீட்டருக்கு உங்கள் மைலேஜ் 8-தான். அங்குள்ள ஸ்டாண்ட் ஓட்டுநர்களோடு ஒரு வாட்ஸ்அப் குழு வைத்து ரிட்டர்ன் சவாரியை மாற்றிக்கொள்ளுங்கள். எலக்ட்ரிக் கார் வாங்கினாலும் இந்த ஓட்டை அப்படியே இருக்கும்.

சரி, எலக்ட்ரிக். ஒரு லிட்டர் டீசலில் இருப்பது ஏறத்தாழ 10 யூனிட் ஆற்றல். 150 கிலோமீட்டருக்கு நீங்கள் எரிப்பது 90 யூனிட்டுக்கு மேல். பெரும்பகுதி எஞ்சின் சூடாகவே போகிறது. அதே தூரத்துக்கு எலக்ட்ரிக் கார் சார்ஜிங் இழப்பையும் சேர்த்து 25 யூனிட் கேட்கும். பார்வதிபுரம் மேம்பாலத்தில் இறங்கும்போது கொஞ்சம் பேட்டரிக்குத் திரும்பவும் வரும். உங்கள் ஓட்டத்துக்கு இது பொருந்தும். ஆனால் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு ஒரே நாளில் இரண்டு தடவை போய்வந்தால் 280 கிலோமீட்டர் ஆகிவிடும், நடுவில் சார்ஜ் போடும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

ராத்திரி வீட்டில் சார்ஜ் போட இடம் வேண்டும். இணைப்பு அந்த லோடைத் தாங்குமா என்று மின்வாரியத்தில் கேளுங்கள். வண்டியைத் தெருவில்தான் நிறுத்துகிறீர்கள் என்றால், இப்போதைக்குப் பிரேக் வேலையை முடித்துக்கொண்டு இதே வண்டியை ஓட்டுங்கள்.