ஊசியைத் திட்டுமுன் வயிற்றைத் தடவிப் பாருங்கள்

கே: 'பெண் ஹார்மோன்' எனப்படும் ஈஸ்ட்ரடையால் ஆண் மீனிலும் இருக்குமா?

இருக்கும். மீன் மூளையில் அரோமட்டேஸ் நொதி ஏராளம். டெஸ்டோஸ்டிரோனை அங்கேயே ஈஸ்ட்ரடையாலாக மாற்றிவிடும். 'ஆண் ஹார்மோன், பெண் ஹார்மோன்' என்று கோடு கிழித்துப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

கே: டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரடையால் போன்ற ஸ்டீராய்டு மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியை அடக்கும் என்கிறது ஒரு புத்தகம், தூண்டும் என்கிறது இன்னொன்று. எது சரி? (முதுகலை மாணவி)

இரண்டும். எந்த வயது மீன் என்று முதலில் கேளுங்கள். பருவம் வராத டிரவுட்டுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் பிட்யூட்டரிக்குள் எல்ஹெச் (சினைப்பையையும் விந்துப்பையையும் தூண்டும் ஹார்மோன்) சேர்கிறது. ஆனால் ரத்தத்துக்கு வருவதில்லை. விலாங்கிலும் இதே கதை: சேர்ந்ததை வெளியே விடாமல் டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் பிடித்து வைத்திருக்கிறது. முதிர்ந்த தங்கமீனில் நேர்மாறு. சினைப்பையை எடுத்துவிட்டால் ரத்தத்தில் எல்ஹெச் ஏறுகிறது, ஸ்டீராய்டைத் திருப்பிக் கொடுத்தால் இறங்குகிறது. தேர்வில் 'உற்பத்தி' வேறு, 'வெளியீடு' வேறு என்று பிரித்து எழுதுங்கள்.

கே: கட்லாவுக்கு ஊசி போட்டேன், முட்டை விடவில்லை. மருந்து போலியா?

மீனின் எடை என்ன? எந்த மாதம்? தண்ணீர் எவ்வளவு சூடு? ஒன்றும் எழுதவில்லை, 'போலியா' மட்டும் கொட்டை எழுத்தில். மாதம் நாலு கடிதமாவது இப்படித்தான் வருகிறது.

அந்தக் குப்பிக்குள் இருப்பது ஜிஎன்ஆர்ஹெச் (எல்ஹெச்சை விடச் சொல்லும் மூளை ஹார்மோன்) போன்ற ஒரு பொருளும் டோம்பெரிடோனும். கெண்டை இனத்தில் டோபமின் எல்ஹெச்சை அழுத்திப் பிடித்திருக்கும். டோம்பெரிடோன் அந்தப் பிடியைத் தளர்த்தும், மற்றது எல்ஹெச்சை வெளியே தள்ளும். எல்ஹெச் சினைப்பையை எட்டியதும் அங்கே வேறொரு ஸ்டீராய்டு சுரந்து முட்டையை முதிர வைக்கும். எல்லாம் சில மணி நேர வேலை. அதற்கு முன்னால் மாதக்கணக்கில் ஒரு வேலை நடந்திருக்க வேண்டும்: சினைப்பையின் ஈஸ்ட்ரடையால் கல்லீரலுக்குப் போய் மஞ்சள்கருப் புரதத்தைச் செய்யச் சொல்லி, அது முட்டையில் சேர வேண்டும். இதை எந்த ஊசியும் ஒரே ராத்திரியில் செய்யாது. ஒடிசாவில் 1957-இல் ஹிராலால் சௌதுரி பிட்யூட்டரிச் சாறு ஏற்றிக் கெண்டையை முட்டையிட வைத்தாரே, அதுவும் தயாராக இருந்த மீனில்தான்.

ஆகவே வயிற்றைத் தடவிப் பாருங்கள். பஞ்சு போலிருக்க வேண்டும், இனப்பெருக்கத் துவாரம் சிவந்து தடித்திருக்க வேண்டும். மெல்லிய குழாயால் நாலு முட்டை உறிஞ்சி, கரைசலில் போட்டு உள்ளே தெரியும்படி தெளிய வைத்துப் பார்த்தால் உட்கரு நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்திருக்க வேண்டும். அப்புறம்தான் கிலோவுக்கு அரை மில்லி, ஆணுக்கு அதில் பாதியோ இன்னும் குறைவோ. தொடக்க காலத்தில் நானும் தட்டை வயிற்று ரோகு ஒன்றுக்கு இரண்டு தடவை ஊசி போட்டேன். காலையில் ஹாப்பாவில் (வலைத் தொட்டியில்) மல்லாந்து கிடந்தது. மருந்து நல்ல மருந்துதான்.

கே: ஜிலேபி மீன் குஞ்சுக்கு மெத்தில்டெஸ்டோஸ்டிரோன் (செயற்கை ஆண் ஹார்மோன்) கலந்த தீவனம் கொடுத்தால் ஆணாகிறது. பெரிய ஆணுக்கும் கொடுத்தால் விந்து கூடுமா?

அந்த நம்பிக்கையில் கொடுக்காதீர்கள். குஞ்சுக்கு முதல் மூன்று நான்கு வாரம் பாலினம் உறுதியாகாத பருவம், அதனால் பலிக்கிறது. வளர்ந்த மீனில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கொட்டினால் சொந்தச் சுரப்பு அடங்கவே வாய்ப்பு அதிகம். மேலே மாணவிக்குச் சொன்னதைப் படியுங்கள். தீவனம் கலக்கும்போது கையுறை, முகக்கவசம் இரண்டும் வேண்டும்.

கே: பெண் தங்கமீன் முட்டை விடுவதற்கு முன்பே ஆண்கள் தயாராகிவிடுகின்றன. எப்படித் தெரிகிறது?

மூக்கால். முட்டையை முதிர வைக்கும் அதே ஸ்டீராய்டைப் பெண் தண்ணீரிலும் கசியவிடுகிறது. அதை முகர்ந்த ஆணுக்கு எல்ஹெச் ஏறி, விடிவதற்குள் விந்து பெருகிவிடும். அன்று ராத்திரி தொட்டித் தண்ணீரை மாற்றாதீர்கள்.

கே: டோம்பெரிடோன் வாந்தி மாத்திரைதானே? பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றலாமா?

வேண்டாம். மாத்திரையில் மருந்தைவிட மாவுதான் அதிகம். குப்பியே வாங்குங்கள், மீனையும் எடை போடுங்கள்.