துணையா, பக்கமா?

கேள்வி: டெல்லி கணேஷ் நானூறு படங்களுக்கு மேல் நடித்தார். அவ்வளவு திறமை இருந்தும் கடைசிவரை துணை நடிகராகவே இருந்துவிட்டாரே, உரிய இடம் கிடைக்கவில்லை என்று சொல்லலாமா?
– ஒரு வாசகர், அருவங்காடு

பதில்: இடம் கிடக்கட்டும். 'துணை நடிகர்' என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதை அடியுங்கள். சினிமாக்காரர்களின் வழக்கில் துணை நடிகர் என்றால் கல்யாண வீட்டிலும் சந்தையிலும் கூட்டமாக வந்து நின்று, அன்றைய சம்பளத்தை அன்றே வாங்கிக்கொண்டு போகிறவர். மானமான பிழைப்பு, அவர்கள் வராவிட்டால் சந்தை ஏது? ஆனால் டெல்லி கணேஷ் செய்தது குணச்சித்திர வேடம். இந்த வித்தியாசத்தை இதே பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன். இன்னும் எழுதுவேன்.

வல்லநாட்டுக்காரர். 1964 முதல் 1974 வரை விமானப்படையில் இருந்தவர். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவின் மேடையில் தேறி, 1977இல் கே. பாலசந்தரின் 'பட்டினப்பிரவேசம்' வழியாகச் சினிமாவுக்கு வந்தார். பெயருக்கு முன்னால் டெல்லியைச் சேர்த்ததும் பாலசந்தர்தான்.

'சிந்து பைரவி'யில் அவருக்கு மிருதங்க வித்வான் வேடம். குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்து நிற்பார். பாடகரோ மிருதங்கமே வேண்டாம் என்று பாடி முடித்துவிடுவார். வாசிக்க விடப்படாத ஒரு வித்வானின் அவமானம் நமக்குத் தைக்கிறது என்றால், அதற்கு முன்பே அந்த மனிதரை நமக்கு நெருங்கியவராக அவர் ஆக்கிவிட்டார் என்று பொருள். சங்கீதக்காரர்கள் மிருதங்கத்தைத் துணைவாத்தியம் என்று சொல்வதில்லை, பக்கவாத்தியம் என்கிறார்கள். எவ்வளவு மரியாதையான சொல்! பக்கத்தில் உட்கார்ந்து, அதே தாளத்தைத் தானும் சுமப்பது. சினிமா எழுதுகிறவர்கள் அந்தச் சொல்லைக் கடன் வாங்கினால் குறைந்துபோக மாட்டார்கள்.

நீங்கள் அருவங்காட்டுக்காரர்; நம் நீலகிரி மலை ரயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் மேட்டுப்பாளையத்தில் முதல்முறை ஏறுகிறவர்கள் எல்லோரும் எஞ்சினைத் தேடி முன்னால் ஓடுகிறார்கள். அங்கே எஞ்சின் இருக்காது. கல்லாறு நிலையத்திலிருந்து குன்னூர்வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை போகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கவ்வி ஏறும். முன்னால் இருக்கும் பெட்டிகளைப் பின்னாலிருந்தே தள்ளும். இணைப்பு அறுந்தால் பெட்டிகள் பள்ளத்துக்கு உருண்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. முன்பெட்டியின் மேடையில் பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்கிறார். வழியைப் பார்த்து டிரைவருக்குச் சைகை கொடுப்பவர் அவர்தான். வழியில் ஹில்குரோவ் நிலையத்தில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கிப் பாருங்கள். எல்லோரும் எஞ்சினோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1899 முதல் குன்னூருக்கு ரயில் வருகிறது. அந்தக் கொடிக்காரரின் பெயரை யாராவது கேட்டிருப்பார்களா?

பெயர் என்றதும் என் பழைய வழக்குக்கு வந்துவிட்டேன். தொலைக்காட்சியில் படம் போடுகிறார்கள், நடித்தவர்களின் பெயர்ப்பட்டியலை வெட்டிவிடுகிறார்கள். விளம்பரத்துக்கு இருக்கும் நேரம் பெயருக்கு இல்லை. தொடர்களிலோ பெயர்கள் ஓடுகிற வேகத்தில் ஒன்றையும் படிக்க முடியாது. டெல்லி கணேஷ் பிற்காலத்தில் அப்பாவாகவும் தாத்தாவாகவும் தொடர்களில் நம் வீடுகளுக்குள் வந்து போனவர். ஒரு தொலைக்காட்சி நிறுவனத்துக்கு இதைப் பற்றி மூன்று கடிதங்கள் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

2024 நவம்பர் 9ஆம் தேதி இரவு டெல்லி கணேஷ் காலமானார். அதற்குச் சில நாட்கள் கழித்து, குன்னூர் மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடையில் மழைக்கு ஒதுங்கியிருந்தேன். 'மைக்கேல் மதன காமராஜன்' ஓடிக்கொண்டிருந்தது. சமையல்கார மணி ஐயராக, வல்லநாட்டு மனிதர் பாலக்காட்டுத் தமிழ் பேசிக்கொண்டிருந்தார். மாஸ்டர் டம்ளரைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. காட்சி முடிந்த பிறகுதான் அடுப்பைப் பார்த்தார். "இவரை எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். பேர் என்ன சார்?" என்று என்னிடம் கேட்டார்.

சொன்னேன். நான்காவது கடிதத்தையும் அன்று இரவே எழுதி முடித்தேன்.