புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா?

உங்கள் விமான நிறுவனம் தரும் புதிய ஒப்பந்தத்தில் மாத அடிப்படைச் சம்பளம் 50,000இலிருந்து 62,000 ஆகிறது, பறக்கும் படி (விமானத்தில் பறக்கும் நேரத்துக்குத் தரும் தொகை) மணிக்கு 600இலிருந்து 400 ஆகக் குறைகிறது, 14 நாளில் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள்.

முதலில் உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதம் 60 மணி பறந்தால் பழையதும் புதியதும் 86,000தான். 80 மணி பறந்தால் பழையது 98,000, புதியது 94,000. ஆகவே கடைசி 12 மாதச் சம்பளச் சீட்டுகளை எடுத்து, உங்கள் சராசரி மணி எத்தனை என்று பாருங்கள். வெளியூர்த் தங்கல் படியைத் தனியாகக் கூட்டுங்கள். அதைத்தான் சத்தமில்லாமல் வெட்டுவார்கள்.

அடுத்து, 'பறக்கும் மணி' என்பதற்கு என்ன விளக்கம் கொடுத்திருக்கிறார்கள்? விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து நிற்கும் வரை உண்மையில் ஆன நேரமா, கால அட்டவணையில் போட்ட நேரமா? அட்டவணை நேரம் என்றால் தாமதமெல்லாம் உங்கள் தலையில். குறைந்தபட்ச உத்தரவாத மணி உண்டா? 'நிர்வாகம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்' என்ற வரி இருந்தால் 62,000க்கும் உறுதியில்லை.

கையெழுத்துப் போடாமல் பேசாமல் வேலைக்குப் போவதும் ஆபத்து; பல நாடுகளில் அதையே சம்மதமாக எடுத்துக்கொள்ள வழியுண்டு. 'ஆட்சேபத்துடன் பணிபுரிகிறேன்' என்று மின்னஞ்சல் அனுப்பி, நகலைச் சொந்த முகவரியில் வையுங்கள்.

இந்த ஒப்பந்தத்தை எதிர்த்து வேலைநிறுத்த வாக்கெடுப்பு வந்தால், வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கச் சங்கத்திடம் வற்புறுத்துங்கள். 2009 டிசம்பரில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பணிக்குழுவினரின் வேலைநிறுத்தத்தை லண்டன் உயர் நீதிமன்றம் தடுத்தது, வேலையை விட்டுப் போகிறவர்களுக்கும் வாக்குச்சீட்டு போயிருந்ததால்தான்.