நான் ஒருத்தி செய்வதால் ஊருக்கு என்ன ஆகிவிடும்?

"தனி மனிதரின் அன்றாடப் பழக்கம் ஊரையே பாதிக்கும் என்பதெல்லாம் பேச்சுக்குத்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். 2017 வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. மதுரையில் எங்கள் தெருவுக்குக் கொசுப்புழு பார்க்க ஒரு பெண் வருவார். கையில் டார்ச், ஒரு நோட்டு. "அக்கா, ஒரு நிமிஷம் தொட்டி மட்டும் பாத்துக்கிறேன்" என்பார். இரண்டு முறை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். "எங்க வீடு சுத்தமாத்தான் இருக்கு, முதல்ல அந்தச் சாக்கடையைப் பாருங்க" என்று சொன்னது இப்போதும் நினைவிருக்கிறது.

அப்புறம், மூன்று வீடு தள்ளி இருக்கும் பையனுக்குக் காய்ச்சல். தட்டணுக்கள் குறைந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

அடுத்த முறை அந்தப் பெண் வந்தபோது உள்ளே விட்டேன். தொட்டியில் ஒன்றுமில்லை. கொல்லைப்பக்கம் போய், பாட்டி காலத்து ஆட்டுரலுக்குள் டார்ச் அடித்தார். குழியில் ஒரு சாண் மழைத்தண்ணீர், கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. ஒரு கரண்டி மொண்டு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிக் காட்டினார். ஊசி நுனி கனத்தில் புழுக்கள், தலைகீழாகத் தொங்கிக்கொண்டும் சுருண்டு சுருண்டு நெளிந்துகொண்டும் இருந்தன. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நான் கைகாட்டிய சாக்கடையில் வளர்வதில்லை, நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜுக்குப் பின்னாலிருக்கும் தட்டு, மணி பிளான்ட் பாட்டில், தேங்காய்ச் சிரட்டை எல்லாம் அதற்குப் போதும். முட்டை எட்டுப் பத்து நாளில் கொசுவாகிவிடும். பொதுவாகப் பிறந்த இடத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் பறக்காது. அதாவது நம் தெருவில் கடிக்கிற கொசு, பெரும்பாலும் நம் தெருவிலேயே யாரோ ஒருவர் வீட்டில் பிறந்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் தீராது. பாத்திரத்தின் உள்பக்கம் ஒட்டிய முட்டைகள் காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், அடுத்த மழைக்குப் பொரிக்கும். அதனால்தான் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. காய்ச்சலில் படுத்திருப்பவரைக் கடித்த கொசு, 8 முதல் 12 நாளில் நோயைப் பரப்பத் தயாராகி, சாகும்வரை பரப்பும். இது பகலில் கடிக்கிற கொசு. ஆகவே வீட்டில் யாருக்காவது டெங்கு என்றால் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அது நோயாளிக்காக இல்லை, பக்கத்து வீட்டுக்காரருக்காக.

அந்தப் பையனைக் கடித்த கொசு எங்கள் ஆட்டுரலில் பிறந்ததுதானா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் முதல் முறையே கதவைத் திறந்திருந்தால், இந்தக் கேள்வியே எனக்கு வந்திருக்காது. அந்த வேலைக்கு வருபவர்கள் வெயிலிலும் மழையிலும் நூறு வாசல் ஏறி இறங்குகிறவர்கள். நான் அன்று பேசிய தொனியை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. மூன்றாம் முறை அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லக்கா, தண்ணி சேராமப் பாத்துக்கங்க, போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆட்டுரல் குழியில் அன்றைக்கே மண் போட்டு நிரப்பிவிட்டேன். பையன் நன்றாக இருக்கிறான், இப்போது என்னைவிட உயரம். அவன் அம்மாவிடம்தான் அந்த ஆட்டுரலைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.