உலகுக்கெல்லாம் ஒரே அரசு: தோற்பவர் ஒப்புக்கொள்வாரா?

உலகம் முழுவதற்கும் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஒரே அரசு அமையுமா, அமைந்தால் நல்லதா என்பது கேள்வி. முழு அதிகாரம் கொண்ட அப்படியொரு அரசு நம் காலத்தில் அமையாது என்றே நினைக்கிறேன். அமைவதாக இருந்தாலும் என் வாக்கு அதற்கு எதிராகத்தான் விழும். ஆனால் இந்த முடிவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களில் பாதி சொத்தையானவை. முதலில் அவற்றை ஒதுக்கிவிடுகிறேன்.

உலகம் மிகப் பெரியது என்பார்கள். 2024 இந்திய மக்களவைத் தேர்தலில் 64 கோடிக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். 200 ஆண்டுகளுக்கு முன் உலக மக்கள்தொகையே சுமார் 100 கோடிதான். மொழிகள் பல, மதங்கள் பல என்பதற்கும் அதே பதில்தான்: இந்தியா. பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். ஐ.நா.வின் 2024 வழக்கமான பட்ஜெட் சுமார் 359 கோடி டாலர். அதே ஆண்டில் உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவிட்டது சுமார் 2.7 லட்சம் கோடி டாலர். பணம் எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தேர்தலில் வென்றவர் ஆட்சியில் அமர்வது பெரிய அதிசயமில்லை. தோற்றவர் மறுநாள் காலையில் எழுந்து, தனக்குப் பிடிக்காத அரசுக்கு வரி கட்டுகிறாரே, ஜனநாயகத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அடுத்த முறை நாமும் வெல்லலாம் என்ற நம்பிக்கை அவருக்கு வேண்டும். எதிரணியில் இருப்பவர் அந்நியர் அல்லர் என்ற எண்ணமும் வேண்டும். உலக அளவில் இரண்டுமே மெலிந்து கிடக்கின்றன.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது புரியும். ஆயிரம் இடங்கள் கொண்ட உலக நாடாளுமன்றம் ஒன்றை வைத்துக்கொள்வோம். உலக மக்கள்தொகை 800 கோடிக்குச் சற்று மேல். ஆக, ஏறத்தாழ 80 லட்சம் பேருக்கு ஓர் உறுப்பினர். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் தலா 175 இடங்கள் வரை கிடைக்கும். இரண்டும் கைகோத்தால் (கோக்காது, அது வேறு கதை) அவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர்கள் கையில். நார்வேயில் வாழ்பவர்கள் சுமார் 55 லட்சம் பேர். முழுதாக ஓர் இடம்கூடத் தேறாது. 11,000 பேர் அளவில் வாழும் துவாலு தன் பங்கைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும்.

சரி, நாட்டுக்கு ஒரு வாக்கு என்று வைத்துக்கொண்டால்? ஐ.நா. பொதுச்சபையில் இன்று நடப்பதே அதுதான். 193 உறுப்பு நாடுகள். துவாலுவுக்கும் ஒன்று, இந்தியாவுக்கும் ஒன்று. அந்தச் சபையின் பெரும்பாலான தீர்மானங்கள் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாதவை என்பதால்தான் இந்த ஏற்பாடு நீடிக்கிறது. கட்டுப்படுத்தும் என்ற நிலை வந்தால் பெரிய நாடுகள் இந்தக் கணக்கை ஒரு நாள்கூடப் பொறுத்துக்கொள்ளாது.

1946-ல் லயனல் பென்ரோஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் நடுவழி ஒன்றைச் சொன்னார்: மக்கள்தொகையின் வர்க்கமூலத்தை எடுத்து, அந்த விகிதத்தில் வாக்குகளைக் கொடுங்கள். இந்தியாவின் மக்கள்தொகை நார்வேயினுடையதைப் போல 250 மடங்குக்கும் மேல்; வர்க்கமூலம் எடுத்தால் அது 16 மடங்காகக் குறைந்துவிடும். துவாலுவோடு ஒப்பிட்டால் ஒன்றேகால் லட்சம் மடங்கு என்பது 350 மடங்காகச் சுருங்கும். காகிதத்தில் அழகான தீர்வுதான். ஆனால் உலக அவையின் ஒரு வாக்கெடுப்பில் வாழ்வாதாரத்தை இழந்த விவசாயியிடம் போய், "வர்க்கமூலப்படி நீங்கள் தோற்றுவிட்டீர்கள்" என்று யார் சொல்வது?

இது வெறும் ஊகம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் பொதுச் சந்தை இருக்கிறது, பொது நீதிமன்றம் இருக்கிறது, 1979 முதல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் நாடாளுமன்றமும் இருக்கிறது. நாடுகளைக் கடந்த ஜனநாயகத்துக்கு இதைவிடச் சாதகமான மண் உலகில் இல்லை. அங்கே 2015 செப்டம்பரில், இத்தாலியிலும் கிரீஸிலும் வந்து சேர்ந்த அகதிகளில் 1,20,000 பேரை உறுப்பு நாடுகள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று அமைச்சர்கள் பெரும்பான்மை வாக்கில் முடிவெடுத்தார்கள். செக் குடியரசு, ஹங்கேரி, ஸ்லோவாகியா, ருமேனியா ஆகிய நான்கும் எதிர்த்து வாக்களித்துத் தோற்றன. ஹங்கேரியும் ஸ்லோவாகியாவும் நீதிமன்றம் போய் 2017-ல் அங்கும் தோற்றன. அதன் பிறகும் ஹங்கேரி அந்தத் திட்டத்தின்கீழ் ஒருவரைக்கூட ஏற்கவில்லை. போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு மூன்றும் கடமை தவறிவிட்டன என்று 2020-ல் தீர்ப்பு வந்தபோது திட்டத்தின் காலமே முடிந்து போயிருந்தது. விதிப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்தது. தோற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் தோற்கவும் தயார் என்று நாடுகள் எழுதிக் கொடுத்த இடம் ஒன்று உண்டு. ஓசோன் படலத்தைக் காக்க 1987-ல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கையைச் சொல்கிறேன். ஏற்கெனவே பட்டியலில் உள்ள வேதிப்பொருள்களின் உற்பத்தியை இன்னும் வேகமாகக் குறைக்க வேண்டும் என்றால், முதலில் எல்லோரும் ஒத்துப்போக முயல வேண்டும். முடியாவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு போதும். ஆனால் அதற்குள்ளேயே வளர்ந்த நாடுகளில் பெரும்பான்மையும் வளரும் நாடுகளில் பெரும்பான்மையும் தனித்தனியாக இருக்க வேண்டும். எடுத்த முடிவு முறைப்படி அறிவிக்கப்பட்ட ஆறு மாதத்தில் எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும். எதிர்த்து வாக்களித்த நாட்டையும் சேர்த்துத்தான். அதன் நாடாளுமன்றம் மறுபடி ஒப்புதல் தர வேண்டியதில்லை. இறையாண்மையில் ஒரு துண்டை நறுக்கிக் கொடுத்ததற்குச் சமம் இது. ஐ.நா.வின் எல்லா உறுப்பு நாடுகளும் இதில் சேர்ந்திருக்கின்றன.

ஏன் சேர்ந்தன? விஷயம் குறுகியது, என்ன இழப்போம் என்பது முன்கூட்டியே தெரியும். ஏழை நாடுகளுக்குக் கூடுதல் அவகாசமும், மாறுவதற்கான செலவுக்கு ஒரு நிதியும் கிடைத்தன. எந்த அணியும் மற்றதை ஒட்டுமொத்தமாக நசுக்க முடியாது. உலக அரசுக்காக வாதாடுபவர்கள் பொதுச்சபையைவிட இந்த ஏற்பாட்டைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. தொற்றுநோய்க்கும் கடலுக்கும் இதுபோன்ற தனித்தனி அதிகார அமைப்புகள் வரட்டும். அவற்றைக் கேள்வி கேட்க ஐ.நா.வோடு சேர்ந்த ஒரு நாடாளுமன்ற அவையும் வரட்டும். முதலில் ஆலோசனை சொல்லும் அளவிலேயே இருந்தாலும் போதும். ஐரோப்பிய நாடாளுமன்றமும் 1952-ல் நிலக்கரி, எஃகு விவகாரங்களை மேற்பார்வையிடும் சிறு அவையாகத்தான் தொடங்கியது.

இனி, முழு உலக அரசுக்கு என் வாக்கு ஏன் இல்லை என்பது. முதல் உலகப் போருக்குப் பின் ரஷ்யாவிலிருந்து தப்பியவர்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்களாக நின்றார்கள். 1922-ல் அவர்களுக்காக நான்சென் பாஸ்போர்ட் வந்தது. ஓர் அரசு கைவிட்டவர்கள் இன்னோர் அரசின் எல்லைக்குள் நுழைய அந்தத் தாள் உதவியது. உலகில் ஒரே அரசுதான் என்றால் அந்த இன்னோர் எல்லை எங்கே இருக்கும்? மோசமான ஆட்சியிடமிருந்து தப்ப வாக்குச்சீட்டு ஒரு வழி, வெளியேறுவது இன்னொரு வழி. இரண்டாவதை நிரந்தரமாக அடைத்துவிட்டு முதலாவதை மட்டும் நம்ப எனக்குத் துணிவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகளே தேர்தலை முடக்கிய வரலாறு குறைவாகவா இருக்கிறது? ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் 1795-லேயே, எல்லா நாடுகளையும் விழுங்கிய ஒற்றைப் பேரரசு உயிரற்ற கொடுங்கோன்மையாகும் என்று அஞ்சி, சுதந்திர நாடுகளின் கூட்டமைப்பே போதும் என்றார்.

என் வழியில் ஒரு பெரிய ஓட்டை உண்டு: அணு ஆயுதம். ஐன்ஸ்டீன் உலக அரசை வலியுறுத்தியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1946 ஜூனில் அமெரிக்காவின் சார்பில் பெர்னார்ட் பரூக் ஐ.நா.வில் ஒரு திட்டம் வைத்தார்: ஆபத்தான அணுசக்தி வேலைகள் எல்லாம் ஒரு சர்வதேச அமைப்பின் கைக்குப் போகும், மீறுபவரைத் தண்டிக்கும்போது வீட்டோ (ஒரு நாடு தனியாகவே முடிவைத் தடுக்கும் அதிகாரம்) செல்லாது. அன்றைய ஐ.நா.வில் பெரும்பான்மை அமெரிக்காவின் நண்பர்கள். ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் தோற்போம் என்று தெரிந்த சோவியத் யூனியன் மறுத்துவிட்டு, 1949-ல் தன் குண்டை வெடித்துச் சோதித்தது.

இன்று ஒன்பது நாடுகளிடம் அணு ஆயுதம் இருக்கிறது. அவற்றில் ஐந்துக்கு வீட்டோ உண்டு, ஐ.நா. சாசனத்தைத் திருத்துவதற்கும் அந்த ஐந்தின் ஒப்புதல் வேண்டும். மாண்ட்ரியல் பாணி ஏற்பாடு இந்த முடிச்சை அவிழ்க்கும் என்று நான் சொல்ல மாட்டேன். உலக அரசை ஆதரிப்பவர்களும் அந்த ஐந்து நாடுகளை எப்படிச் சம்மதிக்க வைப்பார்கள் என்று சொல்லி நான் கேட்டதில்லை.