பக்கத்துக்கு இரண்டு நிமிடம்

கேள்வி: ஒரு பக்கம் வாசிக்க எனக்கு இரண்டு நிமிடம் ஆகிறது. 300 பக்க நாவலை முடிக்க இரண்டு மாதம். பாதியில் யார் யாருக்கு என்ன உறவு என்பதே மறந்துவிடுகிறது. வேக வாசிப்புப் பயிற்சியில் சேரலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: வேண்டாம். முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 பக்கத்துக்கு 600 நிமிடம், அதாவது 10 மணி நேரம். தினம் அரை மணி உட்கார்ந்தால் 20 நாளில் முடிந்துவிடும். இரண்டு மாதம் இழுப்பது உங்கள் கண் அல்ல, நடுவில் விட்டுப்போகும் நாள்கள். உறவுமுறை மறப்பதும் அதனால்தான்.

விளம்பரங்களில் வரும் 'நிமிடத்துக்கு இத்தனை சொல்' கணக்கைப் பார்த்து மலைக்காதீர்கள். ஆய்வாளர் மார்க் பிரைஸ்பேர்ட் 190 ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஆங்கிலப் புனைகதையை மௌனமாக வாசிக்கும் சராசரி வேகமே நிமிடத்துக்கு 260 சொல்தான். அதுவும் ஆங்கிலச் சொல். 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' நமக்கு ஒரே சொல், அவர்களுக்கு நாலைந்து.

மனசுக்குள் கேட்கும் குரலை நிறுத்து, கண்ணைப் பின்னால் போகவிடாதே என்று இந்தப் பயிற்சிகளில் சொல்வார்கள். நாவலுக்கு இரண்டுமே கேடு. வாசலில் நிற்பவரிடம் ஒருத்தி 'வாங்க' என்கிறாள். அது வரவேற்பா, வேண்டாவெறுப்பா? அந்த உள்குரலில்தான் தெரியும். புரியாத வாக்கியத்துக்குக் கண் தானாகத் திரும்பிப் போகும். தடுத்தால் புரிதல்தான் குறையும்.

முதல் 40 பக்கத்தை ஒரே அமர்வில் வாசியுங்கள். உங்கள் வேகத்துக்கு 80 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். கடைசி வெற்றுத்தாளில் பென்சிலால் பெயர், உறவு, ஊர் குறித்துக்கொள்ளுங்கள். நம் நாவல்களில் ஒரே ஆளை ஒருவர் 'சின்னையா' என்பார், இன்னொருவர் 'மாமா' என்பார், ஊர் 'மேலவீட்டுக்காரர்' என்று சொல்லும். மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். பாதிக் குழப்பம் இங்கேதான். அத்தியாயம் முடியும் இடத்தில் நிறுத்துங்கள். மறுநாள் கடைசி அரைப் பக்கத்தை மறுபடி வாசித்துவிட்டுத் தொடருங்கள். மூன்று நாள் விட்டுப்போனால் இரண்டு பக்கம் பின்னால் போங்கள்.

கேள்வி: வட்டார வழக்கு நாவல்களில் பத்துப் பக்கம்கூடத் தாண்ட முடியவில்லையே?
– வாசகர், ஓசூர்

பதில்: வாய்விட்டு வாசியுங்கள். அந்த உரையாடல் காதுக்காக எழுதப்பட்டது. 'வந்திருக்காவ' என்பதில் கண் தடுக்கும். சத்தமாகச் சொன்னால் 'வந்திருக்காங்க' என்று உடனே பிடிபடும். பத்துப் பதினைந்து பக்கத்தில் அந்த ஓசை பழகிவிடும், பிறகு மௌனமாகவே ஓடும். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னிணைப்பைப் புரட்டாதீர்கள். மூன்றாவது முறையும் வந்து புரியாத சொல்லுக்கு மட்டும் போங்கள். உழவு, சடங்கு, சமையல் வரும் பக்கங்களில் வேகம் பாதியாகும். அங்கே அவசரப்பட வேண்டாம். அந்த நாவலின் ருசியே பெரும்பாலும் அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.